தட்டைப் பாதம், 9,500 ரூபாய் ஷூ, முழங்கால் பயம்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வயது 41, எடை 72 கிலோ, வேலூர் சத்துவாச்சாரியில் வீடு, பள்ளி ஆசிரியை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்னதால் காலையில் மெல்லோட்டம் தொடங்கத் தீர்மானித்திருக்கிறீர்கள். கடைக்காரர் உங்கள் ஈரக்கால் சுவடைப் பார்த்துவிட்டு, "இது தட்டைப் பாதம், வளைவைத் தாங்கும் ஷூ போடாவிட்டால் முழங்கால் போய்விடும்" என்று 9,500 ரூபாய் ஷூவை எடுத்து வைத்திருக்கிறார். நீங்கள் ஒதுக்கியிருப்பது மூவாயிரம். எது வாங்கலாம் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்த பிறகு, உங்கள் மனத்தில் இருப்பது வேறு கேள்வி என்று எனக்குத் தோன்றியது: கையில் காசு குறைவாக இருப்பதால் என் முழங்காலை நானே கெடுத்துக்கொள்ளப் போகிறேனா? இல்லை. நிம்மதியாக இருங்கள். மூவாயிரத்துக்குள் உங்கள் காலுக்கு நல்ல ஷூ கிடைக்கும். ஆனால் அதைக் கண்டுபிடிக்கக் கடையில் அரை மணி நேரமாவது செலவிட வேண்டும்.

நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் 23 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அதில் பெரும்பகுதி லாஸ்ட் பிரிவில் கழிந்தது. லாஸ்ட் என்பது ஷூவுக்கு உள்ளே இருந்து உருவம் கொடுக்கும் பாத அச்சு. அதன் சுற்றளவு இரண்டு மில்லிமீட்டர் மாறினால்கூட, போட்டுப் பார்ப்பவர் முகம் மாறிவிடும். நாங்கள் பெரும்பாலும் தோல் காலணிகள் செய்பவர்கள். ஓட்டக் காலணிகளைப் பற்றி நான் அறிந்தது பாதி தொழில் வழியாக, பாதி 14 ஆண்டுகளாக நானே ஓடிக்கொண்டிருப்பதன் வழியாக. நான் மருத்துவன் அல்ல. ஆகவே பொருத்தம், பொருள், உழைப்பு பற்றி உறுதியாகச் சொல்வேன். காயம் பற்றிச் சொல்லும்போது வெளியான ஆய்வுகளை மட்டும் சொல்வேன்.

முதலில் முழங்கால். மெல்லோட்டம் மூட்டைத் தேய்த்துவிடும் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. இதை வைத்து ஓட்டம் மூட்டைக் காக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. மூட்டு நன்றாக இருப்பவர்கள்தான் தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம். அளவாக ஓடுவதால் மூட்டு தேய்ந்துபோகும் என்ற பயத்துக்கு மட்டும் அதில் ஆதாரம் இல்லை.

அடுத்தது தட்டைப் பாதம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொல்லியிருக்கிறார். வளைவு தாழ்ந்திருந்தால் கால் உட்புறம் அதிகமாகச் சாயும், அதனால் காயம் வரும், ஆகவே உட்புறம் கெட்டியான ஷூ வேண்டும் என்ற கணக்கை உலகம் முழுவதும் கடைகளில் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். அமெரிக்காவின் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்து இதைச் சோதித்து 2009, 2010ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு சாராருக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள்; மறு சாராருக்குப் பாதத்தைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வகை. காயங்களில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. டென்மார்க்கில் 927 புதிய ஓட்டக்காரர்களுக்கு ஒரே வகைச் சாதாரண ஷூவைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். கால் உட்புறம் சாய்பவர்களுக்குக் காயம் கூடவில்லை என்று 2014இல் எழுதினார்கள். எதிர்ப்பக்கமும் ஒரு சான்று உண்டு, அதை மறைக்கக் கூடாது: லக்சம்பர்க்கில் 372 பேரிடம் நடந்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், உட்புறம் சாயும் பாதமுள்ளவர்களுக்குத் தாங்கும் வகை ஷூவால் காயம் குறைந்தது. 2022இல் 12 சோதனைகளை, 11,240 பேரைத் தொகுத்துப் பார்த்த, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுரையோ, எந்த வகை ஷூ காயத்தைக் குறைக்கும் என்று நம்பிக்கையோடு சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்றது. ஆகவே அந்த 9,500 ரூபாய் ஷூ உங்களுக்குக் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் முழங்கால் போய்விடும் என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை என்கிறேன்.

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னங்காலில் எக்கி நில்லுங்கள், பின்னால் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எக்கும்போது உள்பக்க வளைவு எழுந்து வந்தால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். நம்மில் ஏராளமானவர்களுக்கு இருப்பது இதுதான். வலி இல்லாதவரை இதற்காகத் தனி ஷூ தேட வேண்டாம். எக்கினாலும் வளைவு எழவில்லை, அல்லது நடந்தாலே உட்புறக் கணுக்கால் வலிக்கிறது என்றால் எலும்பு மருத்துவரிடமோ உடலியக்க மருத்துவரிடமோ காட்டிவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

விலை கூடினால் மெத்தை கூடுமா என்பதையும் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் சோதித்திருக்கிறார்கள். மூன்று நிறுவனங்களின் ஷூக்களை மூன்று விலைகளில் வாங்கி, பாதத்தின் அடியில் விழும் அழுத்தத்தை அளந்தார்கள். குறைந்த விலை ஷூவும் நடுத்தர விலை ஷூவும் உயர்ந்த விலை ஷூவுக்கு இணையாகவே அழுத்தத்தைத் தாங்கின. தொழிற்சாலையிலிருந்து பார்க்கிற எனக்கு இதில் வியப்பு இல்லை. விலையின் பெரும்பகுதி பெயருக்கும் விளம்பரத்துக்கும் கடை வாடகைக்கும் போகிறது; கூடுதல் பொருட்செலவும் பெரும்பாலும் எடையைக் குறைக்கவும் வேகம் கூட்டவும்தான். கார்பன் தகடு வைத்த பந்தய ஷூக்கள் அப்படிப்பட்டவை. உங்களுக்கு அவை வேண்டாம். உடல் கனமானவர்களுக்குப் பஞ்சு போன்ற சோல்தான் நல்லது என்பதும் அவ்வளவு நேரானது அல்ல. 848 பேரிடம் நடந்த ஒரு சோதனையில் மெத்தையான ஷூ போட்டவர்களுக்குக் காயம் குறைந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பலன் எடை குறைந்தவர்களிடம்தான் தெரிந்தது.

அதே சமயம் விலையைக் குறைக்கிறேன் என்று ஓர் எல்லைக்குக் கீழே போய்விடாதீர்கள். அறுநூறு, எழுநூறு ரூபாய்க்குப் பெரிய நிறுவனங்களின் முத்திரையோடு விற்கும் போலிகளை அறுத்துப் பார்த்திருக்கிறேன். வெளித்தோற்றத்தை அப்படியே எடுத்துவிடுகிறார்கள். உள்ளே குதிகாலைப் பிடிக்கும் கெட்டியான கவுன்டருக்குப் பதில் அட்டை இருக்கும், அது வியர்வையில் ஊறி ஒரே மாதத்தில் மடங்கிவிடும். நடுச்சோல், அதாவது பாதத்துக்கும் அடிச்சோலுக்கும் இடையில் இருக்கும் மெத்தை, ஒரு முறை அமுங்கினால் எழாது. கிரிக்கெட், பாட்மின்டன் ஷூவும் ஓட்டத்துக்கு ஆகாது. பக்கவாட்டில் கால் வைப்பதற்காகச் செய்தவை அவை.

இனிப் பொருத்தம். எனக்கு மிக முக்கியமானது இதுதான். எது வசதியாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள் என்று கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்துப் பென்னோ நிக் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் 2015இல் எழுதினார்கள். வசதியாக இருக்கும் ஷூவால் காயம் குறையும் என்பதும் இன்னும் முழுதாக நிறுவப்படவில்லை. ஆனால் பொருந்தாத ஷூவால் வரும் கொப்புளம், நகக் கறுப்பு, விரல் மரத்துப்போதல் ஆகியவற்றுக்கு ஆய்வு தேவையில்லை, நாமே கண்ணால் பார்க்கலாம். என் முதல் ஓட்ட ஷூவை, வேலைக்குப் போடும் தோல் ஷூவின் அதே எண்ணில் வாங்கினேன். ஏலகிரி மலைச்சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி ஓடிய அன்று, ஒவ்வோர் அடிக்கும் பெருவிரல் ஷூவின் முனையில் போய் இடித்தது. மறுநாள் இரண்டு நகங்களும் கறுத்தன. புது நகம் முழுதாக வளர்ந்துவரப் பல மாதம் ஆனது. ஓடும்போது பாதம் சற்று நீளும், வெப்பத்தில் வீங்கும், முன்னே சறுக்கும். லாஸ்ட் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே அதை மறந்திருந்தேன்.

ஆகவே மாலையில் கடைக்குப் போங்கள். நாள் முழுவதும் வகுப்பில் நின்ற பாதம் அப்போதுதான் உண்மையான அளவைக் காட்டும். போகும் முன் வீட்டில் ஒரு தாளைச் சுவரோடு ஒட்டி வைத்து, குதிகாலைச் சுவரில் வைத்து எழுந்து நின்று, மிக நீண்ட விரலின் நுனியைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அது பெருவிரல், சிலருக்கு இரண்டாவது விரல். இரண்டு கால்களையும் அளந்துகொள்ளுங்கள். பெரிய காலின் அளவுதான் கணக்கு. ஆறு, ஏழு என்று நாம் சொல்லும் பிரிட்டிஷ் எண்கள் ஒவ்வொன்றுக்கும் இடையே 8.5 மில்லிமீட்டர் வித்தியாசம். ஐரோப்பிய எண்களுக்கு இடையே 6.7 மில்லிமீட்டர்தான். நிறுவனத்துக்கு நிறுவனம் லாஸ்ட் வேறு என்பதால் "எனக்கு ஆறு" என்று சொல்லி வாங்கக் கூடாது. ஷூவின் நாக்கில் உள்ள சீட்டில் பல நிறுவனங்கள் சென்டிமீட்டர் எண்ணையும் அச்சிடுகின்றன. உங்கள் பாத நீளத்தைவிட அரை சென்டிமீட்டர் கூடுதலான எண்ணிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.

போட்டதும் நில்லுங்கள், உட்கார்ந்தபடி முடிவு செய்யாதீர்கள். நீண்ட விரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவில் உங்கள் கட்டைவிரலின் அகலம் இடம் இருக்க வேண்டும். பிறகு ஷூவைக் கழற்றி உள்ளே இருக்கும் இன்சோலை உருவி எடுங்கள். அதைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கச் சதை இன்சோலின் விளிம்பைத் தாண்டி வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகலானது. நீளத்தில் ஒரு எண் கூட்டினால் இது தீராது. அகலமான வேறு வகை பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைக் கடையில் அநேகமாக யாரும் செய்வதில்லை, கூச்சப்படாமல் செய்யுங்கள். அடுத்து ஷூவின் முனையையும் குதியையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். உங்கள் பாதம் மடங்கும் இடத்தில், அதாவது விரல்களின் அடிமுட்டில், ஷூவும் மடங்க வேண்டும். நடுவில் இரண்டாக மடங்கும் ஷூவை வைத்துவிடுங்கள். கடைசியாகக் கடைக்குள்ளேயே சிறிது ஓடிப் பாருங்கள், படி இருந்தால் இறங்கிப் பாருங்கள். குதிகால் மேலே வழுக்கினால், கணுக்காலுக்கு அருகில் லேஸ் கோக்காமல் விட்டிருக்கும் கடைசித் துளை இருக்கிறதே, அதில் அதே பக்கத்து லேஸை நுழைத்து ஒரு சிறு வளையம் செய்து, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டுங்கள். அதற்குப் பிறகும் வழுக்கினால் ஷூ மாற்ற வேண்டும். "போகப் போகத் தளர்ந்துவிடும்" என்று சொல்வார்கள். தோல் ஷூவுக்கு அது பொருந்தும், தோல் நம் பாதத்துக்கு இணங்கி விரியும். ஓட்ட ஷூவின் செயற்கைத் துணி அவ்வளவு விரியாது.

அகலத்தைப் பற்றி உங்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்தவர்களின் பாதம் முன்பக்கம் அகன்று, விரல்கள் விரிந்து இருக்கும். அது குறை இல்லை. 1992இல் ராவ், ஜோசப் என்னும் இரண்டு இந்திய மருத்துவர்கள் 2,300 குழந்தைகளைப் பார்த்து எழுதினார்கள்: ஷூ போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். ஆனால் பெண்களுக்கான லாஸ்ட்டைப் பொதுவாக ஒடுக்கமாகச் செய்கிறார்கள். பெண்கள் பிரிவில் எதுவும் அகலம் போதவில்லை என்றால் தயங்காமல் ஆண்கள் பிரிவில் அதே சென்டிமீட்டர் அளவு போட்டுப் பாருங்கள். குதிகால் பிடித்து நின்றால் வாங்கலாம். நிறத்துக்காக இறுக்கமான ஷூவை வாங்கிவிட்டு வருந்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை பற்றி எழுதியிருந்தீர்கள். இதில் நம் வேலூருக்கே ஒரு வரலாறு உண்டு. 1946இல் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் காலில் புண் வருவது அழுத்தத்தால்தான் என்று எடுத்துக்காட்டினார். உணர்ச்சி போன பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுகிறது, வலி தெரியாததால் மனிதர் நடையை மாற்றுவதில்லை, அங்கே சதை சிதைகிறது. அந்த அழுத்தத்தைப் பரப்பிவிடத்தான் நுண்துளை ரப்பர் செருப்புகள் வந்தன. பக்கத்திலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனை வழியாகவும் அவை பல காலம் நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்கும் எம்சிஆர் செருப்பு அதுதான். உங்கள் நிலை இன்னும் எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம். ஆனாலும் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலை. மேலே நான் சொன்ன பொருத்தச் சோதனைகள் எல்லாமே பாதம் உணர்வதை நம்பித்தான் இருக்கின்றன. உணர்ச்சி குறைந்திருந்தால், "வசதியாகத்தான் இருக்கிறது" என்ற உங்கள் பதிலையே நம்ப முடியாது. அப்போது மருத்துவர் சொல்லும் காலணிதான். ஓடிவிட்டு வந்ததும் தினமும் விரலிடுக்கையும் உள்ளங்காலையும் பார்க்கும் பழக்கத்தை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

வெறுங்காலில் ஓடலாமே என்று உங்கள் மகன் சொன்னாராம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அபேபே பிகிலா வெறுங்காலில் மாரத்தான் வென்றது உண்மை. அவர் பயிற்சியும் உடலும் வேறு. குதிகால் உயரம் இல்லாமல் ஓடினால் முழங்காலுக்குப் போகும் சுமை குறைந்து கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் போகிறது. 41 வயதில் திடீரென்று அந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம். நம் தெருவில் கிடக்கும் கண்ணாடிச் சில்லும் ஆணியும் போதுமான காரணம்.

ஷூவைவிடக் காயத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு வேகமாக ஓட்டத்தைக் கூட்டுகிறீர்கள் என்பதுதான் என்று நான் நம்புகிறேன். இதிலும் ஒரே சூத்திரம் கிடையாது. வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டினால் போதும் என்ற புகழ்பெற்ற விதியை நெதர்லாந்தில் 532 புதியவர்களிடம் சோதித்தபோது, விதிப்படி ஓடியவர்களிலும் மற்றவர்களிலும் ஏறக்குறைய ஐவருக்கு ஒருவர் காயமடைந்தார்கள். நான் புதியவர்களுக்குச் சொல்வது: வாரத்துக்கு மூன்று நாள், நாள் விட்டு நாள், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் இருபது நிமிடம். பக்கத்தில் வருபவரிடம் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். முதல் மாதம் அதற்கு மேல் வேண்டாம். கோட்டை மைதானத்து மண் தரையும் நேதாஜி விளையாட்டரங்கமும் உங்களுக்கு நல்லவை. சத்துவாச்சாரியின் சர்வீஸ் ரோட்டை விட்டுவிடுங்கள். வண்டிகளின் தொல்லை ஒருபுறம், சாலையோரச் சரிவில் ஒரு காலே எப்போதும் தாழ்வாக விழுவது மறுபுறம். சித்திரை, வைகாசியில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தரை மணிக்குத் தொடங்கி ஆறே காலுக்குள் முடித்துவிடுங்கள். முழுப் பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக் கொப்புளம் கொண்டுவரும். நைலான் அல்லது பாலியஸ்டர் கலந்தது வாங்குங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஷூவைத் துவைத்து மொட்டைமாடி வெயிலில் காய வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வேலூர் வெயிலில் நடுச்சோல் சுருங்கும், பசை விடும். இன்சோலைத் தனியே எடுத்து, ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள். ஸ்கூட்டர் பெட்டிக்குள்ளும் விட்டுவைக்காதீர்கள். பொதுவாக ஓட்ட ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். வாரம் பத்துக் கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய ஓர் ஆண்டாவது வரும்.

கடைசியில் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள்: அண்ணன் நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கித் தந்த ஓட்ட ஷூ பெட்டி பிரிக்காமல் இருக்கிறது, அதையே போடலாமா என்று. பெட்டியில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். சில ஷூக்களின் சோல் பாலியூரித்தேனால் ஆனது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் அது உள்ளுக்குள்ளேயே சிதைந்து, ஒருநாள் கேக் போல உதிர்ந்துவிடும். ஷூவை எடுத்துச் சோலின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பொடி உதிர்ந்தாலோ பிசுபிசுவென்று ஒட்டினாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். அப்படி இல்லாவிட்டால் முன்பக்கத்தை மடக்கி, மேல்துணியும் சோலும் சேரும் கோட்டில் பிளவு விடுகிறதா என்று பாருங்கள். அதிலும் தேறிவிட்டால் இன்சோலை உருவி அதன்மேல் ஏறி நில்லுங்கள். கால் விளிம்புக்குள் அடங்கி, முன்னால் கட்டைவிரல் அகலம் இடமும் இருந்தால், முதல் இரண்டு வாரம் வீட்டைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு அதிலேயே தொடங்குங்கள். மூவாயிரம் அப்படியே கையில் இருக்கட்டும்.